சிறு ஒப்பந்ததாரருக்கும் 45 நாள் வேண்டும்

தெருவோரக் கால்வாய், பள்ளிக் கழிப்பறை, ஊராட்சிச் சாலை போன்ற பணிகளை எடுத்துச் செய்யத் தகுதியானவர்கள் அந்தந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் இடையே உள்ள பாலம் பலவீனமானது. தமிழ்நாட்டில் 1998-லேயே ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்தது. இப்போது டெண்டர்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அறிவிப்பு எட்டுகிறது; பணம்தான் எட்டுவதில்லை. முன்வைப்புத் தொகை கட்டி, கடனுக்குச் சிமெண்ட் வாங்கி, வாரக்கூலி கொடுத்து வேலையை முடித்தவர், பட்டியல் தொகைக்காகக் காத்திருக்கும்போது வட்டியிலேயே லாபத்தை இழக்கிறார்.

சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். ஆனால் கட்டுமான ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தாது என்று மும்பை உயர் நீதிமன்றம் உள்ளிட்டவை தீர்ப்பளித்துள்ளன. இந்நிறுவனங்களுக்கான மத்திய அரசின் 25 விழுக்காடு கொள்முதல் ஒதுக்கீடும் பொருள்களுக்கும் சேவைகளுக்கும்தான். மண் சுமப்பவரை விட்டுவிட்டு மேசை விற்பவரை மட்டும் காப்பது நியாயமல்ல. சிறியவர்களுக்குப் பிரித்துத் தருவதைவிட, பல பணிகளை ஒரே சிப்பமாக்கிப் பெரிய நிறுவனத்திடம் தந்தால் மேற்பார்வை எளிது, தரமும் உயரும் என்பார்கள். மேற்பார்வை எளிதாகலாம். ஆனால் பெரிய நிறுவனம் அதே வேலையை உள் ஒப்பந்தமாகச் சிறியவரிடமே குறைந்த விலைக்குத் தள்ளிவிடும்போது தரம் எங்கிருந்து உயரும்? தரத்துக்குப் பிடித்தத் தொகையும் பழுதுப் பொறுப்புக் காலமும் ஏற்கெனவே இருக்கின்றன. நாடாளுமன்றம் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்திக் கட்டுமானப் பணிகளையும் அதில் சேர்க்க வேண்டும்.