பெயினுக்கு ஆறு உடம்பு, நமக்கு ஒரே பெருமை

முதல்லயே சொல்லிடறேன். நருட்டோ ஷிப்புடென் இன்னும் பார்க்காதவங்க, பாதியில நிக்கிறவங்க தயவுசெஞ்சு இத்தோட கிளம்பிடுங்க. கதையில இருக்கற முக்கியமான முடிச்சையெல்லாம் அவிழ்க்கப் போறேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

எங்க வகுப்புல ஆம்பூர்க்காரன் ஒருத்தன் இருக்கான். சனி ஞாயிறு ஊருக்குப் போயிட்டு திங்கட்கிழமை காலையில பஸ்ஸைப் பிடிச்சு வேலூர் வருவான். பிரியாணி கொண்டு வருவான்னு நாங்க காத்துக்கிட்டு இருந்தா, பய ஒரு நோட்டோட வர்றான். நோட்டு முழுக்க பெயின். ஆறு உடம்புக்கும் தனித்தனிப் பக்கம், படம், எந்த உடம்புல எங்கெங்க கறுப்புக் கம்பி குத்தியிருக்குன்னு அம்புக்குறி. செமஸ்டருக்கு இப்படி ஒரு நோட்டு போட்டிருந்தான்னா எங்க எல்லாரையும் பாஸ் பண்ண வச்சிருப்பான்.

தெரியாதவங்களுக்கு: பெயின்ங்கறவன் நருட்டோ கதையோட பெரிய வில்லன்கள்ல ஒருத்தன். மாசாஷி கிஷிமோட்டோ 1999-லிருந்து 2014 வரை ஷோனென் ஜம்ப் வாரப் பத்திரிகையில வரைஞ்ச மாங்கா அது. பெயின் ஊரையே தரைமட்டமாக்கற பகுதி 2008-09-ல வந்தது. பார்க்க ஆறு பேரா தெரிவான். ஆறுமே பிணம். உண்மையான ஆள் நாகாட்டோ, எலும்பும் தோலுமா ஒரு இயந்திரத்துல மாட்டிக்கிட்டு, எங்கயோ இருந்து ஆறு பிணத்தையும் ஆட்டி வைக்கிறான். அவன் கண்ணுக்குப் பேரு ரின்னெகன். ரின்னேன்னா ஜப்பான் மொழியில பிறவிச் சுழல், அதாவது சம்சாரம். (நம்ம ஊர்ல சம்சாரம்னா வேற அர்த்தம், அதைப் பத்தி விசு 1986-லயே படம் எடுத்துட்டார்.)

ஆறு உடம்புக்கும் பேரு: தேவ பாதை, அசுர பாதை, மனிதப் பாதை, விலங்குப் பாதை, பிரேத பாதை, நரக பாதை. இந்தப் பேரைப் பார்த்ததும் வகுப்புல ஒருத்தன் எழுந்து, "எல்லாம் நம்ம புராணத்துல இருந்து சுட்டதுடா, பேரைக் கூட மாத்தலை"ன்னான். எல்லாருக்கும் ஒரே குஷி. ஏழாம் அறிவு (2011) பார்த்துட்டு தியேட்டரை விட்டு வந்தப்ப இருந்த அதே மாதிரி குஷி.

எனக்கு இங்கதான் இடிக்குது. பேரை மாத்தலைன்னு சொன்னானே, ஜப்பான் மூலத்துல இருக்கற பேரே வேற. தெண்டோ, ஷுராடோ, நிங்கென்டோ, சிக்குஷோடோ, ககிடோ, ஜிகோக்குடோ. இதுல ஷுரா மட்டும்தான் அசுரன்ங்கற சொல்லோட தேய்ஞ்சுபோன உருவம். தேவ, பிரேத, நரகங்கறதெல்லாம் ஆங்கிலத்துல கொண்டு வந்தவங்க போட்ட சமஸ்கிருதப் பேர். நாம சாட்சின்னு தூக்கிக் காட்டறது மொழிபெயர்ப்பாளரோட கைவேலையை.

இதனால என்ன கெட்டுப்போச்சுன்னு கேக்கலாம். நோட்டுல பிரேத பாதைப் பக்கத்தைப் பாருங்க, தெரியும். நண்பன் எழுதியிருக்கான்: "பிரேதம் = பிணம். ஆறு உடம்பும் பிணம்தான். பொருத்தம்!" தமிழ்ல இப்ப பிரேதம்னா பிணம்தான், அவன் மேல தப்பில்லை. ஆனா ககின்னா பிணம் இல்லை. பசிப் பேய். பானை வயிறும் ஊசி மாதிரி தொண்டையுமா, எவ்வளவு தின்னாலும் அடங்காத பேய். இதைத் தெரிஞ்சுக்கிட்டு அந்தச் சண்டையை மறுபடி பாருங்க. அந்த உடம்போட வேலையே எதிராளியோட சக்ராவை உறிஞ்சறதுதான். எது எறிஞ்சாலும் முழுங்கும். கடைசியில நருட்டோ உடம்புல இருந்த இயற்கைச் சக்தியையும் சேர்த்து உறிஞ்சி, அது செரிக்காம, தவளைக் கல்லா உறைஞ்சு போகுது. பசிப் பேய் தின்னே சாகுது! இந்த அழகை "பொருத்தம்!"னு ஒரு வார்த்தையில தாண்டிப் போயிட்டோம்.

ஆறு பிறப்புங்கறது பௌத்தத்தோட கணக்கு. சீனா, கொரியா வழியா ஆறாம் நூற்றாண்டுல ஜப்பானுக்குப் போய், அங்க ஊர்ப்புறத்துல ஆறு ஜிசோ சிலை வரிசையா நிக்கிற அளவுக்கு (ஒரு பிறப்புக்கு ஒண்ணு) ஊறிப்போச்சு. கிஷிமோட்டோ நம்ம வீட்டுல வந்து திருட வேண்டிய அவசியமே இல்லை.

அப்ப நமக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு, ஆனா நாம தேடின இடத்துல இல்லை. மணிமேகலையில இருக்கு. பள்ளிக்கூடத்துல அமுதசுரபி எனக்கு ரெண்டு மார்க் கேள்வி, அவ்வளவுதான். 1898-ல உ.வே.சா. அச்சுல கொண்டு வந்த புத்தகத்தை இந்தச் சண்டையால இப்பத்தான் ஒழுங்காப் புரட்டினேன். சாத்தனாரும் ஆறு பிறப்பு சொல்றார். மக்கள், தேவர், பிரமர், நரகர், விலங்கு, பேய். கவனிச்சீங்களா, அசுரர் இல்லை, அந்த இடத்துல பிரமர். பௌத்தத்துக்குள்ளயே பட்டியல் ஊருக்கு ஊர் மாறியிருக்கு. அடங்காத பசியும் இங்க உண்டு. காயசண்டிகைக்கு யானைத்தீன்னு ஒரு பசி, பன்னிரண்டு வருஷம். அமுதசுரபியில இருந்து மணிமேகலை போட்ட சோத்துலதான் அது அடங்குது.

இதைப் படிச்ச பிறகு நாகாட்டோவோட கதையும் எனக்கு வேற மாதிரி தெரியுது. பெரிய நாடுகள் சண்டை போட்டுக்க நடுவுல மிதிபட்ட சின்ன ஊர் அவனோடது. எப்பவும் மழை. (2021 நவம்பரை விட்டா பாலாத்துல மணலையே பார்த்து வளர்ந்த நண்பனுக்கு இதுல ஒரு பொறாமை.) அவன் வீட்டுக்குள்ள எதிரி நாட்டு நிஞ்ஜாக்கள் நுழைஞ்சது சாப்பாடு தேடித்தான். அப்பா அம்மா செத்தது அந்தக் கைகலப்புல. அநாதையா பசியில சுருண்டு கிடந்தவனுக்கு கோனான்தான் தன்கிட்ட இருந்த ரொட்டியைக் கொடுக்கறா. அப்புறம் உயிர் நண்பன் யாஹிகோவும் போறான். அவன் உடம்பையே தேவ பாதையா நிக்க வச்சுக்கிட்டு நாகாட்டோ வந்து சேர்ற முடிவு: என் வலியை எல்லாரும் அனுபவிக்கட்டும், அப்பத்தான் சண்டை நிக்கும்.

மணிமேகலைக்கும் வலி கொஞ்சமா இல்லை. செய்யாத தப்புக்குச் சிறை. மகனைப் பறிகொடுத்த ராசமாதேவி அவளைப் பைத்தியமாக்கப் பார்க்கறா, பட்டினி போடறா. எதுவும் பலிக்காம ராணி கலங்கி நிக்கிறப்ப, இவ பழி தீர்க்கலை, உக்காந்து ஆறுதல் சொல்றா. அப்புறம் மழையில்லாம பஞ்சத்துல கிடந்த காஞ்சிக்குப் போய்ச் சோறு போடறா. நம்ம பாலாறு போற வழியில, வேலூர்ல இருந்து ரெண்டு மணி நேர பஸ்ல இருக்கற அதே காஞ்சி.

பெயின் ஜெயிச்சிட்டான்னு வாதாடற நண்பர்கள் எனக்கு உண்டு. அவன் கேட்ட கேள்விக்கு நருட்டோகிட்ட பதில் இல்லையேம்பாங்க. உண்மைதான், பதில் சொல்லத் தெரியாமத்தான் நிக்கிறான். ஆனா கைக்கெட்டற தூரத்துல இருந்தும் கொல்லாம விடறானே, அதுக்கப்புறம்தானே நாகாட்டோ ஊர்ல செத்தவங்களை எழுப்பி விட்டுட்டு சாகறான்? இதைப் பத்தி நோட்டுல ஒரு வரி இல்லை. கம்பி எத்தனைன்னு இருக்கு.

இதையெல்லாம் நண்பன்கிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சான். பிரேத பாதைப் பக்கத்துல "பிணம்"னு இருந்ததை அடிச்சிட்டு "பசி"ன்னு எழுதினான், கீழ காயசண்டிகை பேரையும் சேர்த்தான். எனக்குப் பெருமையா இருந்தது. அப்புறம் ஒரு புதுப் பக்கம் திருப்பி, மேல "பிரமர்"னு கோடு போட்டு எழுதிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்: "இதுக்கு எந்த உடம்புடா?"