வெள்ளைக் கல்நாரும் வெறும் சமாதானமும்

கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸை) தடை செய்யச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "ஆபத்தெல்லாம் நீல, பழுப்பு வகைகளில்தான். நம் கூரை ஷீட்டில் இருப்பது வெள்ளை. அதுவும் சிமெண்டோடு இறுகிக் கிடக்கிறது. கவனமாகக் கையாண்டால் ஒன்றும் ஆகாது." ஷீட் தயாரிப்பாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் இந்தச் சமாதானத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

"வெள்ளை ஆபத்தில்லாதது."

இதில் கொஞ்சம் உண்மை உண்டு. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோயை உண்டாக்குவதில் நீலத்தைவிட வெள்ளைக்கு வீரியம் மிகக் குறைவு. ஆனால் குறைவு என்பது வேறு, இல்லை என்பது வேறு. இத்தாலியின் பலாங்கேரோ வெள்ளைக் கல்நார்ச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு இதே நோய் வந்திருக்கிறது. தென் கரோலினாவில் வெள்ளைக் கல்நாரை நூற்று நெய்த ஆலைத் தொழிலாளர்களிடம் நுரையீரல் புற்றும் மிகுதியாகவே இருந்தது. எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் முடிவு.

"சிமெண்டோடு இறுகிக் கிடக்கிறது."

கூரைமேல் உடையாமல் கிடக்கும்வரை அப்படித்தான். ஆனால் அதை மேலே ஏற்றும் நாளைப் பாருங்கள். ஜே போல்ட் போட ட்ரில்லால் துளைக்கிறார்கள். அளவுக்குக் கட்டிங் மெஷினால் அறுக்கிறார்கள். புருவமெல்லாம் வெள்ளைப் பொடி. மூக்கைச் சுற்றிக் கட்டிய துண்டு கண்ணுக்குத் தெரியாத கல்நார் இழையைத் தடுக்காது. வேலை முடிந்ததும் அதே துண்டை உதறி முகம் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே சட்டையைத் துவைப்பவர் யார்? 1965-இல் வெளிவந்த லண்டன் ஆய்வில், மீசோதெலியோமா வந்தவர்களில் சிலர் கல்நார் ஆலைக்குள் கால் வைத்ததே இல்லை. வீட்டில் ஒருவர் அங்கே வேலை பார்த்தார், அவ்வளவுதான்.

"கட்டுப்பாட்டோடு பயன்படுத்தலாம்."

ஆலைக்குள் ஈரப்படுத்தலாம், தூசி உறிஞ்சி வைக்கலாம், காற்றை அளக்கலாம். கூரை வேய்பவருக்கும், இருபது வருடம் கழித்துப் பழைய ஷீட்டை உடைத்துப் பள்ளத்தில் கொட்டுபவருக்கும் இதையெல்லாம் யார் செய்து தருவார்கள்? கட்டுப்பாடு ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது, ஷீட்தான் ஊர் ஊராகப் போகிறது. நம்மைவிடக் கடுமையாகக் கண்காணிக்கும் நாடுகளே இந்த வழியைக் கைவிட்டன. பிரிட்டன் 1999-லும், உலகுக்கெல்லாம் விற்றுக்கொண்டிருந்த கனடா 2018-லும் தடை விதித்தன.

"இந்தியாவில் நோயாளிகளே இல்லையே?"

கேட்பதற்கு வலுவான வாதம் இதுதான். உள்ளுக்குள் பலவீனமானதும் இதுதான். இழை உள்ளே போனபின் நோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒப்பந்தத் தொழிலாளி எத்தனையோ மேஸ்திரிகளிடம் மாறி, கடைசியில் ஊர் திரும்பியிருப்பார். நெஞ்சில் நீர் கோத்தால் நம் ஊரில் முதல் சந்தேகம் காசநோய்மேல்தான். திசுவை எடுத்துச் சோதித்தால்தான் மீசோதெலியோமா உறுதியாகும். சோதித்தாலும் முன்பு என்ன வேலை பார்த்தார் என்று கேட்டு எழுதுபவர்கள் அரிது. கணக்கெடுக்கும் பிரிட்டனில், தடை வந்து கால் நூற்றாண்டு ஆகியும், ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இந்நோயால் இறக்கிறார்கள்.

"ஏழைக்கு வேறு கூரை ஏது?"

செல்லுலோஸ், பிவிஏ இழை கலந்த சிமெண்ட் ஷீட்களை ஐரோப்பா பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறது. விலை கொஞ்சம் கூடுதல்தான். அந்த வித்தியாசத்தை இன்று ஏழையின் நுரையீரல் கட்டுகிறது.

கல்நார்ச் சுரங்கத்துக்குப் புதிய குத்தகை தருவதை இந்தியா 1986-லேயே நிறுத்திவிட்டது. அதே கல்நார் இன்றும் கப்பலில் வந்து இறங்குகிறது. ஒவ்வொரு கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் உத்தரவிட்டது. நோயாளிகளே இல்லை என்பவர்கள் அந்தப் பதிவேடுகளைப் பொதுவில் வைக்கட்டும். அதுவரை இறக்குமதியை நிறுத்திவைப்பதே நியாயம்.