விழுந்த பல்லைப் பாருங்கள்

குழந்தைக்குப் பால் பல் விழுந்தால் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரை மேல் எறியச் சொல்வார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். தாராளமாக எறியுங்கள். அதற்கு முன்னால் பல்லைக் கழுவி அடிப்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், சகோதரிகளே.

சாதாரணமாக 6 வயதை ஒட்டித்தான் கீழ் முன்பல் ஆட ஆரம்பிக்கும். அடியில் வளரும் புதுப்பல்லுக்கு வழிவிட்டுப் பால் பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். அதனால் விழும் பல் வேரில்லாமல் குட்டையாக இருக்கும்.

என் ஒன்றுவிட்ட தங்கையின் பெண்ணுக்கு 3 வயது முடியுமுன்பே இரண்டு பல் போய்விட்டது. வலியில்லை, அழுகையில்லை. "எங்கேயோ விழுந்திருப்பா அக்கா, சொல்லத் தெரியலை" என்றாள் தங்கை. பல் டாக்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். வேர் முழுசாக, நீளமாக இருந்தது. உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

ஹைப்போபாஸ்பட்டேசியா என்று வாயில் நுழையாத பெயர். 1948-ல் ராத்பன் என்ற கனடா நாட்டு டாக்டர் வைத்தது. பரம்பரையாக வரும் அபூர்வமான எலும்பு நோய். பல் வேரின் மேல் சிமென்டம் என்று ஒரு மெல்லிய பூச்சு உண்டு. பல்லைத் தாடையோடு பிடித்து வைக்கும் நார்கள் அதில்தான் பதிந்திருக்கும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைம் குறைந்தால் அந்தப் பூச்சு சரியாகப் படியாது. பல் வேரோடு கழன்றுவிடும். சில குழந்தைகளுக்கு எலும்பும் கெட்டிப்படாமல் கால் வளையும், நடை தாமதமாகும்.

ரத்த ரிப்போர்ட்டில் ஏதாவது கூடியிருந்தால்தான் நாம் பதறுவோம். குறைந்திருந்தால் நல்லதுதானே என்று மடித்து வைத்துவிடுவோம்! வளரும் குழந்தைக்கு இந்த என்சைம் பெரியவர்களைவிட அதிகமாக இருப்பதுதான் இயல்பு. குழந்தையின் வயதுக்கு உரிய அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. எலும்புக்குச் சத்து என்று நாமாகக் கால்சியம், வைட்டமின் டி டானிக் வாங்கி ஊற்றக் கூடாது. இந்த நோயுள்ள கைக்குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே கூடியிருக்கலாம்.

சீக்கிரம் விழுகிற பல்லெல்லாம் இதுதான் என்று பயப்பட வேண்டாம். அடிபட்டாலும் பல் வேரோடு வரும். ஆனால் அடியும் படாமல், 5 வயதுக்கு முன் வேரோடு விழுந்தால், பல்லைச் சின்ன டப்பாவில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

கடுமையான நோய்க்கு அஸ்ஃபோடேஸ் ஆல்ஃபா என்ற ஊசி மருந்தை 2015-ல் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதித்தார்கள். விலையோ யானை விலை. பல்லோடு நின்றுவிடும் லேசான வகையும் உண்டு. தங்கை பெண்ணுக்கு இதுவரை எலும்பில் குறையில்லை. தவறாமல் பரிசோதித்து வருகிறார்கள். முன்னால் கழற்றி மாட்டுகிற குட்டிப் பல் செட் போட்டிருக்கிறாள். இட்லி, தோசை எல்லாம் சாப்பிடுகிறாள். முறுக்கை மட்டும் நொறுக்கித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.