ஊர்தி உனது, அதன் அறிவு எவனது?

சென்ற கோடையில் ஒருநாள் நண்பகல். தார்ச்சாலை இளகிக் கிடந்தது. அச்சாலையில் தம் மிதியுந்தைத் தள்ளிக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட வந்தார் நம் அன்பர் ஒருவர். தமிழாசிரியர், மேடையேறினால் தன்மானம் பற்றி ஒருமணி நேரம் முழங்க வல்லவர். வழியில் வண்டி நின்றுபோயிற்றாம். பலமுறை உதைத்தும் உயிர்பெறவில்லையாம். இரண்டு கல் தொலைவு தள்ளியே வந்துவிட்டார்.

பட்டறையில் இருந்த இளைஞர் ஒன்றும் பேசவில்லை. பட்டறையார் ‘பிளக்கு’ என்று வழங்கும் பொறிச்செருகியைக் கழற்றினார். கரி படிந்த அதன் முனையை உப்புத்தாளால் தேய்த்தார். இடைவெளியைச் சரிசெய்து மீண்டும் பொருத்தினார். ஓர் உதை, வண்டி பாடத் தொடங்கிற்று! ஐந்து மணித்துளிக்கு மேல் ஆகவில்லை.

இதில் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அச்செருகியைக் கழற்றுதற்குரிய குழல்திருகி, அவ்வாசிரியரின் இருக்கைக்கு அடியிலேயே, வண்டி வாங்கிய அன்று கொடுத்த உறை பிரியாமல், பதினோராண்டுகளாக உறங்கிக் கிடந்தது! “ஐயா, இதை நீங்களே செய்திருக்கலாமே!” என்றேன். “நமக்கெதற்கு இந்தக் கரிவேலை?” என்றார் அவர்.

கரிவேலை! அன்பர்களே, அச்சொல்லை மறுபடியும் படித்துப் பாருங்கள். கையில் கரி படுவது இழிவு என்று நமக்குக் கற்பித்தவன் எவன்? ஏர்பிடித்த கையையும் உலைக்களத்தில் சம்மட்டி பிடித்த கையையும் தாழ்த்திவைத்து, ஒன்றும் செய்யாத கையை உயர்த்திவைத்தவன் எவன்? அவன் நம் நாவில் ஏற்றிவிட்டுப் போன சொல்லன்றோ இது! மேடையில் அவனைச் சாடிவிட்டு, சாலையோரத்தில் அவன் கருத்தையே உமிழ்வதா?

பணம் கொடுத்து வாங்கிவிட்டால் ஒரு பொருள் நமதாகிவிடாது. அதைத் திறந்து பார்க்க அஞ்சுகின்றவன் அதன் உரிமையாளன் அல்லன். அதைத் தள்ளிச் செல்லும் கூலியாளே ஆவான்.

இவ்வூர்திகள் எதற்காகப் பிறந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரால் இத்தாலி நாடு நொறுங்கிக் கிடந்தது. அதுவரை வானூர்தி செய்துவந்த பியாசியோ நிறுவனம், எளிய மக்கள் வாங்கத்தக்க ஓர் ஊர்தியைச் செய்ய முனைந்தது. அதை வரைந்தவர் கொராதினோ தசுக்கானியோ எனும் வானூர்திப் பொறிஞர். அவருக்கு அக்கால உந்துவண்டிகள் பிடிக்கவில்லை. எண்ணெய் ஆடையிற் படுகின்றது. சக்கரத்தில் துளை விழுந்தால் கழற்றுவது பெருந்தொல்லையாக உள்ளது என்பன அவர் கண்ட குறைகள். எனவே, வானூர்தியின் இறங்குகாலைப் போல ஒரே பக்கத் தாங்கலில் சக்கரத்தைப் பொருத்தினார். சில மரைகளைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். 1946-இல் வெளிவந்த அந்த வெசுபாவே பின்னர் உலகெங்கும் பரவிய துள்ளுந்துகளுக்கு வழிகாட்டியாயிற்று. 1972-இல் நம் சாலைகளுக்கு வந்த சேத்தக் அவ்வழிப் பிறந்ததே. பக்கக்கூட்டைக் கழற்றினால் இயக்கி முழுவதும் கண்முன் நிற்கும்.

நம் ஓசூரில் 1980-இல் பிறந்த டி.வி.எசு 50-ஐ அறியாதார் யார்? பாற்குடமும் மீன்கூடையும் துணிமூட்டையும் சுமந்து, சிற்றூர்தோறும் எத்துணைக் குடும்பங்களின் அடுப்பை எரியவைத்த ஊர்தி அது! அவ்விரு வீச்சு இயக்கியின் உள்ளே அசையும் தலையாய உறுப்புகள் மூன்றே: உருளைக்குள் ஏறியிறங்கும் உந்துதண்டு, அதனோடு கோத்த இணைப்புத்தண்டு, அது சுழற்றும் சுழல்தண்டு. நம் வீட்டுத் தையற்பொறியினும் எளிய அமைப்பு! இதைக் கண்டா அஞ்சுவது?

இயக்கி ஓடுவதற்கு வேண்டியவை மூன்று: காற்று, கன்னெய், உரிய நொடியில் ஒரு தீப்பொறி. வண்டி நின்றுவிட்டால் இம்மூன்றில் எது வரவில்லை என்று வினவுங்கள். அவ்வினாவே பாதி மருத்துவம்.

பொறிச்செருகி என்பது இயக்கியின் நாக்கு. மருத்துவன் நாக்கை நீட்டச் சொல்வதுபோல் நீங்கள் அதைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் இயக்கி நலமாக உள்ளது. உலர்ந்த கருங்கரி படிந்திருந்தால் கன்னெய் மிகுதி, அல்லது காற்றின் குறைவு. எண்ணெய்ப் பிசுக்கோடு நனைந்திருந்தால் எண்ணெய் மிகுதி, அல்லது பொறியின் வலுக்குறைவு. வெளுத்துப்போயிருந்தால் கன்னெய் போதாமல் இயக்கி அளவிறந்து சூடேறுகின்றது. இதுவே இடர் மிக்கது. முனைகளின் இடைவெளி பெரும்பாலான சிற்றியக்கிகளுக்கு அரை மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். இதை அறிய எந்தப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும்?

அடுத்தது காற்றுவடிகட்டி. அதில் புழுதி அடைத்துக்கொண்டால் காற்றுக் குறையும். காற்றுக் குறைந்தால் கன்னெய் வீணாகும். கடற்பஞ்சு போன்ற வடிகட்டியை வழலைநீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சிறிது எண்ணெய் தடவிப் பிழிந்து பொருத்துக. தாளாலான வடிகட்டியாயின் அலசக்கூடாது. தட்டித் தூசு போக்குக, அல்லது மாற்றுக.

அதற்கடுத்தது, ‘கார்புரேட்டர்’ எனப்படும் கலவையாக்கி. அதன் அடிக்கிண்ணத்தில் வண்டலும் நீரும் தேங்கும். கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து, நுண்துளைகளைக் காற்றால் ஊதித் துப்புரவு செய்க. கம்பியை விட்டுக் குடைவார் உளர்; அது தவறு. மயிரிழை அளவு துளை விரிந்தாலும் கலவை கெட்டுவிடும். இனி, காற்றளவைத் திருத்தும் திருகாணியை, இயக்கி நின்றிருக்கையில் மென்மையாக இறுதிவரை திருகி, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். பின்னர் இயக்கிச் சூடேறவிட்டு, சிறிது சிறிதாக இருபுறமும் திருப்பி, ஓட்டம் எங்கே சீராகவும் விரைவாகவும் உள்ளதோ அங்கே நிறுத்துங்கள். மிகுந்த விரைவை ஓய்நிலைத் திருகாணியால் தணித்துவிடுங்கள். இயக்கியைச் சுருதி கூட்டுதல் என்பது இவ்வளவே! இதற்கு வேண்டியவை ஒரு திருப்புளியும் கூர்ந்து கேட்கும் செவியுமே.

இரு வீச்சு இயக்கியில் கன்னெய்யோடு எண்ணெய்யும் சேர்ந்து எரிகின்றது. இலிட்டருக்கு 20 மில்லி என்பது பரவலான அளவு. உங்கள் ஊர்திக்குரியதைக் கையேட்டில் காண்க. ‘இன்னும் சிறிது ஊற்றினால் இன்னும் நன்று’ என்று ஊற்றினால் கரியே மிகும். அக்கரி புகைவாயிலையும் ஒலியடக்கியையும் அடைத்துக்கொள்ளும். மேட்டில் ஏறாமல் வண்டி முனகுவதன் கரணியம் பெரும்பாலும் இதுவே. உருளைத் தலையைக் கழற்றினால், கரியை மரக்குச்சியால் சுரண்டுக. இரும்பாற் சுரண்டினால் உந்துதண்டில் கீறல் விழும்.

இங்கே நம் இளைஞர்களுக்கு ஒரு கடுஞ்சொல். ஒலியடக்கியைத் துளைத்து, உட்குழலைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தெருவே அதிர ஓட்டுவதைத்தான் அவர்கள் ‘டியூனிங்கு’ என்கின்றனர். இரைச்சல் மிகுந்தால் ஆற்றல் மிகும் என்பது அவர்தம் நினைப்பு. அறியாமை! இரு வீச்சு இயக்கியில் புகை வெளியேறும்போது, எரியாத புதுக்கலவையும் சிறிது உடன் ஓடிவிடுகின்றது. குழலின் வடிவம் சரியாக இருந்தால், புகையின் அழுத்த அலை எதிரொலித்துத் திரும்பிவந்து அக்கலவையை மீண்டும் உருளைக்குள் தள்ளும். எனவே, குழல் இயக்கிக்குப் புறம்பானதன்று. அதன் ஓர் உறுப்பு.

இதை நுணுகி ஆய்ந்து வென்று காட்டியவர் கிழக்குச் செருமனியின் எம்.இசட்டு நிறுவனப் பொறிஞர் வால்ட்டர் காடன். பெருஞ்செல்வம் இல்லாத ஒரு பந்தயப் பட்டறையில், 1950-களில் அவர் குழலின் வடிவத்தைத் திருத்தித் திருத்தி, 1961-க்குள் இலிட்டருக்கு 200 குதிரைத்திறன் எனும் அளவை எட்டினார். 1961-இல் அவருடைய ஓட்டுநர் எர்ன்சுட்டு தெக்னர் நாட்டைவிட்டுத் தப்பி, அந்நுட்பத்தோடு சப்பானின் சுசூகி நிறுவனத்தைச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே, 1962-இல், 50 சி.சி. பிரிவின் உலக வாகையைச் சுசூகி வண்டியில் அவர் வென்றார். ஒரு குழலின் வடிவத்தை அறிந்தவன் உலகை வென்றான். அக்குழலில் துளைபோடுபவன் அண்டைவீட்டுக் குழந்தையின் உறக்கத்தைக் கெடுக்கின்றான். இரண்டுக்கும் இடையே உள்ளது அறிவு.

அவ்வறிவுக்குத்தான் இன்று பூட்டுப் போடப்படுகின்றது. 2020 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு நெறியால், புதிய ஊர்திகள் பெரும்பாலானவற்றில் கலவையாக்கி போய், மின்னணு மூளையால் ஆளப்படும் கன்னெய்த் தூவி வந்துவிட்டது. காற்று தூயதாகட்டும், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், தூய காற்றுக்கும் பூட்டிவைத்த அறிவுக்கும் என்ன உறவு? அம்மூளை சொல்லும் குறைக்குறிகளைப் படிக்கும் கருவி, ஊர்தியை வாங்கியவனுக்கும் தெருமுனைக் கம்மியருக்கும் ஏன் எட்டாததாக இருத்தல் வேண்டும்? ‘திறந்தால் பொறுப்புறுதி போய்விடும்’ என்று அச்சுறுத்துகின்றனர். பொறுப்புறுதி சில ஆண்டுகளுக்கே. ஏழையோ வண்டியைப் பதினைந்தாண்டு ஓட்டுகின்றான். எஞ்சிய ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு?

இக்குரல் நம்முடையது மட்டுமன்று. 2022 சூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறையே பழுதுபார்க்கும் உரிமைக்கு நெறி வகுக்க ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுக் கருவிகள், ஊர்திகள் என நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. உரிமை ஏட்டில் எழுதப்படுவது நன்று. ஆனால், திருப்புளியைத் தொடவே நாணுகின்றவனுக்கு எந்த உரிமையைக் கொடுத்து என்ன பயன்?

பழைய வண்டி வைத்திருப்போர் இன்னொன்றையும் அறிய வேண்டும். 2025-இல் கன்னெய்யில் 20 விழுக்காடு எரிசாராயம் கலக்கும் நிலை வந்துவிட்டது. எரிசாராயம் நீரை ஈர்க்கும். அதற்கென ஆக்கப்படாத பழைய தொய்வக் குழாய்களையும் அடைப்புகளையும் நாளடைவில் நலியச் செய்யும். ஆகவே, கன்னெய்க் குழாயைத் திங்கள்தோறும் விரலால் நெருடிப் பாருங்கள். வெடிப்போ கசிவோ கண்டால் உடனே மாற்றுங்கள். பன்னாள் ஓட்டாத வண்டியாயின் கலவையாக்கிக் கிண்ணத்தை வடித்துவையுங்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். என் வண்டியோடு வந்த கையேட்டில் ஒருவரி தமிழில்லை. கேட்டால், ‘இவற்றைத் தமிழில் எழுத முடியாது’ என்பர். நான் மேலே எழுதியவை என்ன மொழி? திருப்புளி, திருகாணி, மரை, அரம், குறடு, உளி, சங்கிலி என்பன எந்த அகரமுதலிக்குழுவும் அமர்ந்து ஆக்கியவை அல்ல; பட்டறையில் புழங்குபவை. தொழிற்பயிற்சி நிலையத்தில் ‘கம்மியர்’ என்னும் பழந்தமிழ்ச் சொல் இன்றும் வாழ்கின்றது. குறை தமிழில் இல்லை. எழுதத் தெரிந்தவன் கருவியைத் தொடுவதில்லை. கருவியைத் தொடுபவனுக்கு எழுத இடந்தருவாரில்லை. இவ்விருவரும் ஒரே திண்ணையில் அமரும் நாளில் கையேடுகள் தாமே பிறக்கும். புதுச்சொல் ஆக்குவதில் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கை, அச்சொல் சுட்டும் பொருளைக் கழற்றிப் பார்ப்பதில் நம்மவர் காட்டட்டும்.

வீட்டில் பழுதுபார்த்தல் என்பது கம்மியரின் வயிற்றில் அடிப்பதன்று. உந்துதண்டு இறுகிப்போனாலும், உருளை தேய்ந்து துளைக்க நேர்ந்தாலும், நிறுத்தியில் ஐயம் எழுந்தாலும் அவரிடமே செல்லுங்கள். அது கைதேர்ந்தார் வேலை. அதற்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். தானே செருகியைக் கழற்றிக் கைசுட்டுக்கொண்டவனே கம்மியரின் அருமையை அறிவான். அவரை ஏமாற்றவும் மாட்டான், அவரால் ஏமாற்றப்படவும் மாட்டான்.

எனவே, அன்பர்களே! வரும் ஞாயிறன்று காலை, இயக்கி ஆறியபின், அடுப்பும் விளக்கும் அருகில்லாத வெளியிடத்தில் வண்டியை நிறுத்துங்கள். பழந்துணி ஒன்று, திருப்புளி ஒன்று, இருக்கைக்கு அடியில் உறங்கும் குழல்திருகி ஒன்று, இவை போதும். மகனை மட்டுமன்று, மகளையும் அருகில் அழையுங்கள். செருகியைக் கழற்றி அதன் நிறத்தைக் காட்டி, ‘இஃது என்ன சொல்கின்றது?’ என்று கேளுங்கள். அவர்கள் கையில் கரி படட்டும்.

அந்தத் தமிழாசிரியரை இரண்டு கிழமைக்குப் பின் கண்டேன். ஒன்றும் பேசாமல் கையை நீட்டிக் காட்டினார். நகக்கண்ணில் கரி இருந்தது.