பூமி குணமாகவில்லை, வண்டிகள் நின்றன

2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. இரண்டு வாரத்தில் ரவாங்கில் எங்கள் வீட்டிலிருந்து மலை தெளிவாகத் தெரிந்தது. அம்மா இன்ஹேலரைத் தேடுவதும் குறைந்தது. முகநூலில் நம் கவிஞர்கள் ‘இயற்கை ஓய்வெடுக்கிறது’, ‘பூமி குணமாகிறது’ என்று எழுதித் தள்ளினார்கள். எனக்கு அப்பவே எரிச்சல். இன்னும் தீரவில்லை.

பூமி ஒன்றும் குணமாகவில்லை. வண்டிகள் நின்றன, அவ்வளவுதான். கஸ்தூரி தேவி கன்னையாவும் சக ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மலேசிய நகரங்களில் நைட்ரஜன் டைஆக்சைடு, 2018, 2019இன் அதே மாதங்களைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. நுரையீரலின் ஆழம்வரை இறங்கும் பிஎம் 2.5 நுண்துகள் குறைந்ததோ 23 முதல் 32 விழுக்காடுதான்.

இந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. நைட்ரஜன் டைஆக்சைடு நகரத்தில் பெரும்பாலும் என்ஜின் புகை. காற்றில் அதிக நேரம் தங்காது. என்ஜின் நின்றால் அதுவும் போய்விடும். நுண்துகள் அப்படியில்லை. லோரி, ஆலை, மின்நிலையம், திறந்தவெளியில் எரிக்கும் குப்பை என்று அதற்குப் பல ஊற்றுகள். நாட்டையே பூட்டியும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மிச்சம். அப்புறம் ‘காரை விட்டுட்டு ஒரு செடி நடுங்க’ என்று தனிமனிதனுக்கு உபதேசம் செய்வது யாரைக் காப்பாற்ற?

புகைமூட்டம் வந்தால் சுமத்ராவைக் கைகாட்டுவோம். 2019 செப்டம்பரில் பள்ளிகளை மூடியபோதும் அதே பேச்சு. அந்தப் புகை உண்மை. ஆனால் வண்டிகள் நின்றதும் இங்கே காற்று தெளிந்ததே, அப்போது குறைந்தது யாருடைய புகை?

அம்மாவின் மூச்சு சீரானதற்குக் காற்று மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். வெளியே போகல, முகக்கவரி போட்டோம், சளிக்காய்ச்சல் அண்டல. ஆனால் காற்றுக்குப் பங்கே இல்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பிஎம் 2.5க்கு வைத்த ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டுத் தரநிலை 15. மூன்று மடங்கு தூசியைத் தரநிலையே அனுமதிக்கிறது. இதைப் பற்றி ஒரு வரி எழுதினோமா?

அந்தத் தெளிந்த வானத்துக்கு விலை கொடுத்தவர்கள் நாள்கூலிக்காரர்கள். முடக்கம் நீண்டு நீண்டு, 2021 ஜூன் கடைசியில் வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டி உதவி கேட்கும் நிலைக்கு மக்கள் வந்தார்கள். பட்டினியில் கிடைத்த காற்றை வரம் என்று பாடுவது ரசனை இல்லை, மறதி.

நமக்கு வேண்டியது இன்னொரு முடக்கம் இல்லை. எல்லாரும் வேலைக்குப் போகும் திங்கட்கிழமையிலும் மலை தெரிய வேண்டும். அதற்கு நேரத்துக்கு வரும் கம்முட்டர், தாமான் வாசல் வரை பேருந்து, ஆலைப் புகைபோக்கிக்குக் கண்காணிப்பு, 15ஐக் கீழே இறக்கும் சட்டம் வேண்டும். கவிதை எழுதுங்க, வேண்டாம்னு சொல்லல. இதைக் கேட்டும் எழுதுங்க.