பதிவேட்டில் பெயர் ஏறுமா?

நம் பெண்கள் தாதி வேலைக்குப் படிக்க விரும்புகிறார்கள். நல்ல விருப்பம், வரவேற்க வேண்டிய விருப்பம். மலாக்கா மாநிலத்தில் இன்னும் தோட்டத்தில் இருக்கும் குடும்பங்களானாலும் சரி, பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மஸ்ஜித் தானா என்று பட்டணம் பார்த்து நகர்ந்த குடும்பங்களானாலும் சரி, மகள் ‘மிஸ்ஸி’ ஆக வேண்டும் என்ற ஆசை பல வீடுகளில் இருக்கிறது. அந்த ஆசைக்காகத் தாயின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போவதும் உண்டு. ஆகவே, பணம் கட்டுமுன் பெற்றோர் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

“இந்தப் படிப்பை முடித்தால் என் மகளின் பெயர் மலேசியத் தாதியர் வாரியத்தின் பதிவேட்டில் ஏறுமா?”

கேள்வி சிறியதுதான். ஆனால் ஒரு பெண்ணின் வாழ்நாள் சம்பளம் அதன் விடையில் அடங்கியிருக்கிறது.

1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டம் தாதியர் பதிவுக்கு வழி வகுத்தது. பதிவு பெற்ற தாதியாக வேண்டுமானால், வாரியம் அங்கீகரித்த கல்லூரியில் மூன்று வருஷ டிப்ளோமாவாவது படிக்க வேண்டும். வகுப்பறைப் பாடத்தோடு மருத்துவமனை வார்டுகளிலும் பயிற்சி பெற வேண்டும். முடிவில் வாரியத்தின் பரீட்சையில் தேற வேண்டும். அதன் பிறகும் வருஷந்தோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும்.

இதற்கு வெளியே, சில மாதங்களில் முடியும் பராமரிப்புப் பயிற்சிகள் பல உண்டு. முதியோரைக் கவனிப்பதும் நோயாளிக்குத் துணை நிற்பதும் கண்ணியமான வேலையே. ஆனால் அது வேறு, பதிவு பெற்ற தாதி வேறு. சீருடை ஒன்றுபோல் இருக்கலாம். சம்பளமும் பதவி உயர்வும் ஒன்றல்ல. இந்த வேற்றுமையை முன்கூட்டியே சொல்லாமல் பணம் வாங்குவது ஏழையின் அறியாமையில் நடத்தும் வியாபாரம்!

அங்கீகாரம் பெற்ற படிப்பிலும் கவனம் அவசியம். 2010ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தனியார் தாதியர் கல்லூரிகள் பெருகின. டிப்ளோமா முடித்தவர்களில் பலர் வேலை கிடைக்காமல், பி.டி.பி.டி.என். கடனைத் தலையில் சுமந்து நின்றார்கள். இன்று காற்று மாறி வீசுகிறது. மருத்துவமனைகள் தாதியர் போதவில்லை என்கின்றன. பயிற்சி பெற்றவர்கள் சிங்கப்பூருக்கும் அரபு நாடுகளுக்கும் போகிறார்கள். காற்று எப்படி வீசினாலும் கடன் கடன்தான். அரசாங்கப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அந்தச் சுமை பெரிதும் குறையும். ஆனால் அங்கே போட்டி கடுமை. அரசாங்கத்தில் இடம் இல்லை, தனியாரில் பணம் இல்லை என்றால் தொழிலாளியின் மகள் எங்கே போவாள்?

இங்கேதான் சமூகக் கல்லூரிகளைப் பற்றி யோசிக்க வேண்டும். 2001 முதல் நாட்டில் நடைபெறும் இக்கல்லூரிகள் நம் மாநிலத்தில் ஜாசின், செலண்டார், மஸ்ஜித் தானா, புக்கிட் பெருவாங் ஆகிய இடங்களிலும் இருக்கின்றன. குறைந்த கட்டணத்தில் கைத்தொழில் கற்பிக்கின்றன. ஆனால் பதிவுத் தாதிக்கான டிப்ளோமா அங்கே இல்லை. ஏன் இருக்கக் கூடாது?

இது நடக்காத காரியம் அல்ல. அமெரிக்காவில் மில்ட்ரெட் மோன்டாக் என்ற அம்மையார் தாதியர் கல்வியைச் சமூகக் கல்லூரிக்குக் கொண்டுவரத் திட்டம் தீட்டினார். 1952இல் அது சோதனையாகத் தொடங்கியது. அந்தத் திட்டம் இன்று அந்நாடு முழுவதும் பரவியிருக்கிறது. அங்கே படித்தவரும் பல்கலைக்கழகத்தில் படித்தவரும் ஒரே உரிமப் பரீட்சைதான் எழுதுகிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும், பிள்ளை பெற்ற தாய்மார்களும் அந்த வழியில் தாதியாகியிருக்கிறார்கள்.

அங்கே படிப்புக் காலம் இரண்டு வருஷம். நாம் அதைக் கேட்கவில்லை. மூன்று வருஷம் மூன்று வருஷமாகவே இருக்கட்டும். பரீட்சையும் இலேசாக வேண்டாம். நோயாளியின் உயிர் விளையாட்டுப் பொருளல்ல. பாடம் ஜாசினிலும் செலண்டாரிலும் நடக்கட்டும். வார்டுப் பயிற்சி மலாக்கா, ஜாசின், அலோர் காஜா அரசாங்க மருத்துவமனைகளில் நடக்கட்டும். தகுதியுள்ள ஆசிரியர்களை நியமித்து, வாரியம் சோதித்து அங்கீகரிக்கட்டும். இதுவே நமது கோரிக்கை.

இதைப் பிச்சையாகக் கேட்கவில்லை. 1896இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதிலிருந்து இந்த மாநிலத்தின் செல்வம் பால்மரத்தோடு வளர்ந்தது. அந்தச் செல்வத்தில் நம் பாட்டன் பாட்டிகளின் வியர்வை இருக்கிறது. அவர்களுடைய பேத்திக்கு ஒரு வகுப்பறை கேட்பது உரிமை.

நம் பக்கத்திலும் சில காரியங்கள் இருக்கின்றன. “இராத்திரி வேலை, அந்நிய ஆண்களைத் தொட வேண்டும், கல்யாணம் ஆகாது” என்று இன்னும் சில பெற்றோர் தயங்குகிறார்கள். விடியாத இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போன தாய் மானத்தோடுதான் வாழ்ந்தாள். விளக்கெரியும் வார்டில் நோயாளியைக் காக்கும் மகளுக்கு மட்டும் மானம் போய்விடுமா?

இன்னொன்று, தேர்ச்சி. எஸ்.பி.எம். பரீட்சையில் எத்தனை கிரெடிட் வேண்டும் என்ற விதி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்தந்த வருஷத்து விதியைக் கேட்டறிய வேண்டும். ஆனால் மலாய், கணிதம், அறிவியல் இந்த மூன்றிலும் கிரெடிட் இல்லாமல் கதவு திறக்காது. ஆங்கிலத்தையும் கைவிடக் கூடாது. ஐந்தாம் படிவத்தில் விழித்துக்கொண்டால் போதாது. மூன்றாம் படிவத்திலேயே பிள்ளையின் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

சங்கக் கிளைகள் இதில் கை கொடுக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியல் ஒவ்வொரு கிளையிலும் தொங்கட்டும். பெற்றோர் கையெழுத்துப் போடுமுன், எழுத்துத் தெரிந்த ஒருவர் அந்தப் பாரத்தை உரக்கப் படித்துக் காட்டட்டும். சமூகக் கல்லூரிக் கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றிச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பட்டும்.

பெற்றோர்களே! மகளைப் படிக்க வையுங்கள். தைரியமாகப் படிக்க வையுங்கள். ஆனால் பதிவேட்டைப் பற்றிக் கேட்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்!