லூசிட் கனவு கலையும்போது...

தலைப்பை அவசரத்தில் 'லூசுக் கனவு' என்று படித்தவர்கள் மறுபடி ஒருமுறை படித்துவிடவும். இது லூசிட் கனவு. தூங்கிக்கொண்டிருக்கும்போதே "அட, இது கனவு!" என்று தெரிந்துவிடுகிற கனவு. தமிழில் தெளிவுக் கனவு என்று வைத்துக்கொள்ளலாம். தெரிந்துவிட்டால் அப்புறம் பறக்கலாம், சுவருக்குள் புகுந்து வரலாம், பிடிக்காத வாத்தியாரைத் தவளையாக்கலாம். இதைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் எப்படி உள்ளே போவது என்றுதான் எழுதித் தள்ளுகிறார்கள். எப்படி வெளியே வருகிறோம் என்பதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் சுவாரசியமும் சிக்கலும் அங்கேதான் இருக்கின்றன.

இந்தப் பெயரைப் பிரபலமாக்கியவர் ஃபிரெடெரிக் வான் ஈடன் என்ற டச்சு மனநல மருத்துவர். எழுத்தாளரும்கூட. 1898 முதல் 1912 வரை தனக்கு வந்த 352 தெளிவுக் கனவுகளைக் குறித்துவைத்து, 1913-ல் ஒரு கட்டுரை எழுதினார். (செலவுக்கணக்கையே நாலு நாளுக்கு மேல் எழுதாத வணிகவியல் மாணவர்கள் கவனிக்க.)

அதில் 1898 ஜனவரியில் வந்த ஒரு கனவைச் சொல்கிறார். தோட்டத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடி வழியாகத் தன் நாயின் கண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதே நேரத்தில், தான் கட்டிலில் மல்லாந்து படுத்திருப்பதும் அவருக்குத் தெரிகிறது. வேறு யாராக இருந்தாலும் நாயோடு விளையாடப் போயிருப்பார்கள். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? மெதுவாக, நிதானமாக விழித்துக்கொள்வது என்று முடிவு செய்தார். குப்புறப் படுத்த உணர்வு மல்லாந்து படுத்த உணர்வாக எப்படி மாறுகிறது என்று கூடவே இருந்து பார்க்க வேண்டுமாம். பார்த்தார். ஒரு உடம்பிலிருந்து நழுவி இன்னொரு உடம்புக்குள் போவது போல இருந்தது, இரண்டு உடம்பின் ஞாபகமும் தனித்தனியாக நின்றது என்கிறார். தெளிவுக் கனவு முடிவதைப் பற்றி இதைவிட நல்ல குறிப்பு கிடைப்பது கஷ்டம். கனவுக்குள் என்ன வேண்டுமானாலும் செய்யக்கூடிய நிலையில், முடிவைக் கவனிப்பதைத் தேர்ந்தெடுத்தார் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம்.

எல்லோருக்கும் இப்படி அழகாக முடிவதில்லை. கனவு என்று தெரிந்த சந்தோஷத்திலேயே பலருக்குப் பட்டென்று விழிப்பு வந்துவிடும். சிலருக்குத் தெளிவு மட்டும் போய்விடும், கனவு தொடரும். பறந்துகொண்டிருந்த ஆள் திடீரென்று பரீட்சைக்கு நேரமாகிவிட்டது என்று நிஜமாகவே பதற ஆரம்பித்துவிடுவார். பொதுவாகக் காட்சிதான் முதலில் மங்குகிறது, தொடு உணர்வு கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. இதைக் கவனித்துத்தான் அமெரிக்காவின் ஸ்டீபன் லபெர்ஜ், கனவு மங்கும்போது கனவு உடம்பைப் பம்பரம் போலச் சுற்றச் சொன்னார். இரண்டு கையையும் தேய்த்தாலும் பலன் உண்டு என்றார். கனவு உடம்பின் உணர்வில் மூளை மும்முரமாக இருந்தால், கட்டிலில் கிடக்கும் உடம்பின் ஞாபகம் வராது என்பது கணக்கு.

இதெல்லாம் சும்மா கதை என்று நினைப்பவர்களுக்கு: ரெம் தூக்கத்தில் உடம்பின் தசைகள் ஏறக்குறைய செயலிழந்து கிடக்கும், கண்கள் மட்டும் அசையும். முன்கூட்டியே பேசிவைத்தபடி கனவுக்குள்ளிருந்து கண்ணை இடமும் வலமும் அசைத்துச் செய்தி அனுப்பியதை 1975-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் பதிவு செய்தார். லபெர்ஜ் தனியாக ஸ்டான்ஃபோர்டில் அதையே செய்து காட்டினார். 2021-ல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என நாலு நாட்டு ஆய்வகங்கள் ஒரு படி மேலே போய், கனவு காண்பவரிடமே கணக்கு கேட்டன. எட்டிலிருந்து ஆறு போனால்? கண்ணசைவில் 'இரண்டு' என்று பதில் வந்தது. எல்லா முறையும் அல்ல, ஐந்தில் ஒரு தடவைக்கும் குறைவாகத்தான் சரியான பதில். ஆனால் எழுப்பிக் கேட்டபோது சிலர், கேட்ட கேள்வியையே வேறு மாதிரி சொன்னார்களாம்! உள்ளே தெளிவாகப் பதில் சொன்ன ஆள், வாசலைத் தாண்டுவதற்குள் கேள்வியை மாற்றிவிடுகிறார். அக்கவுண்டன்சி பாஷையில் சொன்னால், இருப்பு கீ/இ ஒரு தொகை, அடுத்த பக்கத்தில் இருப்பு கீ/கொ வேறு தொகை. இந்தப் பேரேட்டை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

இதைவிட மோசமான முடிவு ஒன்று உண்டு. பொய் விழிப்பு. விழித்து, பல் தேய்த்து, பஸ்ஸுக்கு ஓடுவது வரை நடந்த பிறகுதான் அதுவும் கனவு என்று தெரியும். சில சமயம் இது அடுத்தடுத்து நடக்கும். இன்செப்ஷன் படம் 2010-ல் வந்தபோது கடைசியில் பம்பரம் விழுமா விழாதா என்று உலகமே சண்டை போட்டது. ஆனால் நிஜத்தில் பொய் விழிப்பில் மாட்டியவருக்குப் பம்பரம் சுற்றிப் பார்க்கத் தோன்றுவதே இல்லை, சந்தேகம் வந்தால்தானே சோதிப்பதற்கு. கொஞ்ச நேரம் முன்புவரை "இது கனவு" என்று அடித்துச் சொன்ன அதே மூளை, இப்போது "விழித்துவிட்டேன்" என்று அதே உறுதியோடு சொல்கிறது.

இன்னும் சிலருக்கு மனம் விழித்துவிடும், ரெம் தூக்கத்தின் தசைப்பூட்டு மட்டும் சில நொடிகள், சில நிமிடங்கள் விலகாது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். நம் பாட்டிகள் இதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர் வைத்துத் தலைமாட்டில் இரும்பு வைத்தார்கள். பேயும் இல்லை, மாரடைப்பும் இல்லை. தானாக விலகிவிடும். தெளிவுக் கனவுக்காகத் தூக்கத்தை நடுவில் வெட்டுகிறவர்கள் இதை முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

வெட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது. 2018-ல் வெளியான லபெர்ஜ் குழுவின் ஆய்வில் 121 பேரை நடுராத்திரி எழுப்பி கேலன்டமைன் மாத்திரை கொடுத்தார்கள். அல்சைமர் நோயாளிகளுக்குத் தருகிற மருந்து. வெற்று மாத்திரை போட்டவர்களில் 14 சதவீதம், 8 மில்லிகிராம் போட்டவர்களில் 42 சதவீதம் பேருக்குத் தெளிவுக் கனவு வந்தது. ஆய்வாளர்கள் ஆராயட்டும். ஆனால் பறக்கிற ஆசையில் ஹாஸ்டல் பையன் ஒருவன் தினமும் நாலு மணிக்கு அலாரம் வைத்து, டாக்டரிடம் கேட்காமல் இதை வாங்கிப் போடுவது சுத்த முட்டாள்தனம். ரெம் தூக்கம் விடியற்காலையில்தான் நீளும். அதை அவனே கிழித்துவிட்டு, காலை வகுப்பில் தூங்கி வழிவான்.

சரி, பறக்கிறவர்களை விடுங்கள். இறந்துபோன அப்பாவையோ அம்மாவையோ தெளிவுக் கனவில் பார்ப்பவர்களை என்ன சொல்வது? கனவு என்று தெரியும், எதிரே இருப்பவர் இல்லை என்றும் தெரியும். காட்சி மங்க ஆரம்பிக்கிறது. அவரிடம் போய் "பம்பரம் சுற்றாதீர்கள்" என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நிமிடம் கூடக் கிடைக்குமென்றால் சுற்றட்டும், கையைத் தேய்க்கட்டும், அப்பாவின் கையையே பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் அடுத்த ராத்திரியும், அதற்கடுத்த ராத்திரியும் அலாரம் வைத்து அங்கேயே போக ஆரம்பித்தால், ஒவ்வொரு விடியலிலும் அவர் மறுபடி ஒருமுறை அப்பாவைப் பறிகொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு வான் ஈடன் செய்ததே மேல். அவசரப்படாமல், இரண்டு உடம்பும் ஞாபகத்தில் இருக்க, கவனித்துக்கொண்டே மெதுவாக வெளியே வருவது. கனவில் பேசியது மறப்பதற்குள் தலைமாட்டில் இருக்கும் நோட்டில் நாலு வரி எழுதிக்கொள்வது.

அந்தக் கட்டுரை வந்த அதே 1913-ல் வான் ஈடனின் மகன் பால் இளம்வயதிலேயே இறந்துபோனார். மகனைப் பற்றி அவர் எழுதிய சின்னப் புத்தகத்துக்கு வைத்த பெயர் 'பாலின் விழிப்பு'.